கடிகாரம் காட்டும் சர்க்கரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தந்தையார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஊசி குத்தாமல் பச்சை ஒளியாலேயே சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரத்தை வண்ணாரப்பேட்டையில் 2,800 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பச்சை ஒளி நாடித்துடிப்பை எண்ணுவதற்கானது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஒளியால்தானே இயங்குகிறது என்று கேட்பீர்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால் அது இயலுகிறது; குளுக்கோஸுக்கோ நிறமே கிடையாது. பரிசோதனைச் சீட்டில் 100 என்று வந்தால் லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் என்று பொருள். அந்த ஒரு கிராம் அகச்சிவப்பு ஒளியில் விட்டுச்செல்லும் மங்கலான தடத்தின் மேலேயே தண்ணீரும் கொழுப்பும் புரதமும் ஏறி நின்று மறைத்துவிடுகின்றன. ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகளாக இதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி வழங்கியதில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

நானும் ஏமாந்தவன்தான். பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் 1,900 ரூபாய்க்கு வாங்கிய கடிகாரம் சாப்பாட்டுக்கு முன் 108, பின் 111 என்று காட்டியதில் பூரித்துப்போனேன். பிறகு சந்தேகம் வந்து, சமையலுக்கு வைத்திருந்த புடலங்காயில் கட்டிப் பார்த்தேன், அதற்கும் 109! நான் இழந்தது பணம் மட்டுமே. உங்கள் தந்தையார் இப்படியொரு எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

கேள்வி: இரண்டு கடிகாரங்கள் வாங்கிச் சராசரி எடுத்தால்? (ராயபுரம் வாசகர்)

பதில்: இரண்டு புடலங்காய்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஆய்வகத்தில் 260 வந்த அன்று கடிகாரம் 118 காட்டியது. “பொதுவான உடல்நலப் பயன்பாட்டுக்கு மட்டுமே, மருத்துவ அளவீட்டுக்கு அன்று என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறோம்” என்று கூறிப் பணம் தர மறுக்கிறார்கள். (வியாசர்பாடி வாசகி)

பதில்: விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் சர்க்கரை, பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் மறுப்பு, எனக்கு நெடுநாளாக ஆத்திரமூட்டும் தந்திரம் இது. தவறு உங்களுடையதன்று. விளம்பரப் பக்கத்தை நீக்குவதற்குள் படமெடுத்து, ரசீதோடும் ஆய்வக அறிக்கையோடும் சேர்த்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை.

கேள்வி: பில் வேண்டாமென்றால் 300 ரூபாய் குறைப்பதாகச் சொன்னதால் அப்படியே வாங்கினேன். இப்போது திரையே எரியவில்லை. (கொடுங்கையூர் வாசகர்)

பதில்: 300 ரூபாய்க்கு உங்கள் புகாரையும் சேர்த்து விற்றுவிட்டீர்கள்.

கேள்வி: விரல் நுனி புண்ணாகிறது. வேறு வழி? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில், விரலை மாற்றி மாற்றிக் குத்துங்கள். கையில் ஒட்டும் சென்சாரும் உண்டு. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இருந்து அளப்பதால் அது மெய்யான கருவி. ஆனால் இரண்டு வாரத்துக்கொரு முறை மாற்ற ஆகும் செலவைக் கணக்கிட்டு, மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.