எங்கள் ஊரில் ஆட்டிசம் விழிப்புணர்வை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்பு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் வகுப்பில் ஒரு குழந்தைக்கும், ஊரில் வேறு சிலருக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றோரோ, "வளர வளரச் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளை ஒட்டி, மகளிர் சுய உதவிக் குழுவினருடன் சேர்ந்து ஒரு பேரணியும் கூட்டமும் நடத்த விரும்புகிறோம். எங்களிடம் பெரிய நிதி இல்லை. அருகில் நிபுணர்களும் இல்லை. யாரிடம் பேச வேண்டும், என்ன பேச வேண்டும்?

பதில்: உங்கள் கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் உங்களைத் தனியே அழைத்து, "என் பிள்ளையும் நீங்கள் சொன்னதுபோலத்தான் இருக்கிறான், நான் எங்கே போக வேண்டும்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஊர் பெயர், கட்டடம், கிழமை, பேருந்து உட்படத் தெளிவான விடை உங்கள் கையில் இல்லையென்றால், கூட்டத்தைத் தள்ளி வையுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அறிகுறிகளை மட்டும் சொல்லிவிட்டு வழியைச் சொல்லாமல் விட்டால், அந்தக் குடும்பத்திடம் மிஞ்சுவது அச்சம் மட்டுமே. அச்சத்தோடு இருக்கும் குடும்பம், "மூன்றே மாதத்தில் பேச வைக்கிறோம்" என்று விளம்பரம் செய்பவரிடம்தான் முதலில் போய் நிற்கிறது. வளரும் நாடுகளில் விழிப்புணர்வு முயற்சிகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நிபுணர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள், செய்தி மட்டும் கிராமத்துக்கு வந்து சேர்கிறது.

ஆகவே பேரணிக்கான பதாகையை எழுதும் முன், அந்த வழியை நீங்களே ஒருமுறை விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிவதற்காக மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டம் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் உள்ளது. அதன் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை பள்ளிக்கும் வர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அந்தக் குழு பார்க்க வேண்டிய நிலைகளின் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்கு அந்தக் குழு எந்த மாதத்தில் வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஐயப்படும் குழந்தைகளை அனுப்புவது டி.இ.ஐ.சி. என்று மருத்துவமனைகளில் அழைக்கப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு. இது பொதுவாக மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். அங்கே எந்தக் கிழமைகளில் குழந்தை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் இருக்கிறார்கள், செவித்திறன் பரிசோதனை அங்கேயே நடக்கிறதா என்பவற்றை நேரில் சென்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் கிடைக்கும் விடைக்கும் நேரில் சென்றால் தெரியவரும் நிலவரத்துக்கும் வேறுபாடு இருக்கலாம். கூலி வேலையை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தாய் வெறுங்கையோடு திரும்பினால் மறுபடி போக மாட்டார்.

உங்களுக்கு இன்னும் அருகிலேயே கிடைக்கும் உதவி, ஒன்றிய அளவில் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு வந்து குழந்தைகளைப் பார்ப்பார்கள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம்களின் தேதியும் அவர்களுக்குத் தெரியும். கூடுதல் மதிப்பீடு தேவைப்படும் குடும்பங்களுக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இவை அனைத்தையும் அரைத் தாளில் தமிழில் எழுதி நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த நிதியில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு இந்த நகலெடுப்புதான் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

அடுத்து, யாரிடம் பேசுவது என்ற கேள்வி. பேரணியைப் பார்ப்பவர்கள் சாலையில் போகிறவர்கள். ஒன்றரை வயதுக் குழந்தையின் நடத்தையில் ஏதோ வேறுபாடு இருப்பதை முதலில் காண்பவர்கள் தாயும் பாட்டியும் அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும். அதே நேரத்தில், "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்", "இவன் அப்பனும் நான்கு வயதில்தான் வாய் திறந்தான்" என்று சொல்லி, நாக்கில் வசம்பு தடவச் சொல்பவர்களும் இவர்களில்தான் இருக்கிறார்கள். அன்பினால் சொல்லப்படும் இந்த ஆறுதலே பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளை இழக்கச் செய்துவிடுகிறது. ஆகவே நூறு பேர் வரும் ஒரு கூட்டத்தைவிட, அங்கன்வாடியில் பன்னிரண்டு பாட்டிமார்களை அமர்த்திப் பேசும் ஒரு மணி நேரத்தையே நான் பரிந்துரைப்பேன். தடுப்பூசி நாள் இன்னும் பொருத்தமானது: 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணைக்காகவும் முத்தடுப்பு ஊக்க ஊசிக்காகவும் தாய்மார்கள் குழந்தைகளுடன் வந்து காத்திருப்பார்கள், ஆட்டிசத்தின் முதல் அறிகுறிகள் தெளிவாகத் தெரியத் தொடங்கும் வயதும் அதுவே. ஊரார் அனைவருக்கும் சொல்ல வேண்டியதைக் கிராம சபையில் சொல்லலாம். மார்ச் 22, மே 1 ஆகிய இரண்டு கிராம சபைகளும் ஏப்ரல் 2க்கு முன்னும் பின்னும் அமைகின்றன.

என்ன சொல்வது என்பதில் சுருக்கமாக இருங்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, ஒரு வயதாகியும் டாட்டா காட்டுவது போன்ற சைகைகள் இல்லாதிருப்பது, ஒன்றரை வயதாகியும் தனக்குப் பிடித்த ஒன்றை விரலால் சுட்டி நமக்குக் காட்டாமல் இருப்பது, இரண்டு வயதாகியும் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதைத் தவிரத் தானாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதிருப்பது, எந்த வயதிலும் பேசிய சொற்களையோ பழகிய சிரிப்பையோ இழந்துவிடுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிலா, காகம், பேருந்து என்று எதையாவது சுட்டிக்காட்டி, "நீயும் பார்" என்பதுபோல் நம் முகத்தையும் பார்ப்பதே இவற்றில் பாட்டிமார்களுக்கு மிக எளிதில் விளங்குவது. இந்த அறிகுறிகள் இருப்பதாலேயே ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது. காது கேட்காததாலும் குழந்தை திரும்பாமல் இருக்கலாம். எனவே முதல் படி செவித்திறன் பரிசோதனை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆட்டிசம் ஆண் குழந்தைகளிடம் அதிகமாகக் கண்டறியப்படுகிறது என்றாலும், பெண் குழந்தையை "கூச்ச சுபாவம், அமைதியான பிள்ளை" என்று பாராட்டிக் கடந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு என்பதால், அவர்களைக் குறித்துத் தனியே ஒரு வாக்கியம் சொல்வது அவசியம்.

காரணம் பற்றிய கேள்வி கட்டாயம் எழும். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் கருவிலிருந்தே அமையும் வேறுபாடு. மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. தாய் வேலைக்குப் போனதாலோ, வீட்டில் கொஞ்ச ஆளில்லாததாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ அது வருவதில்லை. தடுப்பூசியால் வருகிறது என்ற செய்தி, 1998இல் பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து லண்டன் மருத்துவர் ஒருவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது. அதை வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. ஊசி போடும் வயதும் அறிகுறி தெரியவரும் வயதும் ஒன்றாக இருப்பதால் பெற்றோருக்கு அந்த ஐயம் எழுவது இயல்பு; அவர்களைக் கடிந்துகொள்ளாமல் இந்த ஒற்றுமையை விளக்கினால் ஏற்றுக்கொள்வார்கள். இன்று அதைவிடப் பரவலாக இருப்பது, "செல்போன் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்ற குற்றச்சாட்டு. நெடுநேரம் திரையைப் பார்க்கும் குழந்தைக்கு மற்றவர்களோடு பேசிப் பழகும் நேரம் குறைகிறது, அது மொழி வளர்ச்சிக்கு நல்லதல்ல. ஆனால் செல்போன்தான் ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று கூறி, அதைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது, மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடும் புதிய வழியாகவும் தாயின் தலையில் பழியைச் சுமத்தும் பழைய வழியாகவும் முடிகிறது.

"குணப்படுத்தலாம்" என்ற சொல்லை உங்கள் துண்டறிக்கையில் எழுதாதீர்கள். பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவற்றால் குழந்தை தன் தேவையைச் சொல்லவும் தன் வேலையைத் தானே செய்யவும் மற்றவர்களோடு இருக்கவும் கற்றுக்கொள்கிறது. ஆட்டிசத்தை அகற்றும் மருந்து கிடையாது. ஸ்டெம்செல் சிகிச்சை என்ற பெயரில் பல இலட்சங்களை நிலத்தை விற்றுக் கொடுக்கும் குடும்பங்கள் உள்ளன. ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைப்பதற்குச் சான்று இல்லை என்றும், அதை விளம்பரப்படுத்துவது மருத்துவத் தொழில் நெறிக்கு மாறானது என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் தெரிவித்துள்ளது. இந்த ஒரு தகவல் சென்று சேர்ந்து ஒரு குடும்பத்தின் நிலம் காப்பாற்றப்பட்டாலும் உங்கள் முயற்சி வெற்றிதான்.

நிபுணர் இல்லாத ஊரில் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் தயங்க வேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள், பெற்றோர் தம் குழந்தையோடு விளையாடுவதைக் காணொளியாக எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டி வழிநடத்தினார்கள். பெற்றோர் குழந்தையின் கவனத்தோடு இணைந்து போவதும், குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் அதனால் கூடின. நீங்கள் அந்தப் பயிற்சியை நடத்த முடியாது. அதன் அடிப்படையை மட்டும் தாய்மார்களுக்குக் காட்டலாம். குழந்தையின் கண் மட்டத்துக்குத் தரையில் அமர்வது, அது உருட்டும் மூடியையோ அடுக்கும் டம்ளரையோ பிடுங்காமல் நாமும் அதே விளையாட்டில் சேர்வது, கேள்விகளால் துளைக்காமல் சின்னச் சின்னச் சொற்களாகச் சொல்லிவிட்டுக் குழந்தையின் பதிலுக்காகக் காத்திருப்பது. மருத்துவமனை அழைப்புக்காகக் காத்திருக்கும் வாரங்களில் இது வீணாகாத பயிற்சி.

உங்கள் வகுப்புக் குழந்தையின் பெற்றோரிடம் பேசும்போது ஆட்டிசம் என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்க வேண்டாம். அதை முடிவு செய்யும் பொறுப்பும் உங்களுடையதல்ல. கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "பிள்ளை எழுத்துகளை நன்றாக நினைவில் வைத்திருக்கிறான். பெயர் சொல்லி அழைத்தால் பல நேரம் திரும்புவதில்லை, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறான். எதற்கும் காதைப் பரிசோதித்துவிடலாம், நானும் கூட வருகிறேன்." மற்ற பெற்றோர் கூடியிருக்கும் கூட்டத்தில் இதைச் சொல்லக் கூடாது. தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டில் மாமியார், கணவர் ஆகியோருக்கு விளக்கும் சுமை அவர் ஒருவர்மேல் விழும் என்பதால், முடிந்தவரை வீட்டுப் பெரியவர் ஒருவரையும் சேர்த்து அமர்த்திப் பேசுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குத் தரும் மதிப்பீட்டின்படி 127 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. 5,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியில் இது சுமார் 40 பேர். அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். யாரும் பெயர் சொல்லாமல், ஊமை என்றும் கிறுக்கு என்றும் அழைத்து, திண்ணையிலோ பூட்டிய அறையிலோ விட்டுவைத்த அந்த மனிதர்களைப் பற்றியும் கிராம சபையில் பேசுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அங்கீகரித்த 21 நிலைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. பொது இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அதே சட்டம் இடம் தருகிறது. ஆட்டிசத்துக்கான சான்றிதழ் வழங்க, ஐசா எனப்படும் 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் பெற்றவர்கள், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா திட்டத்தில் ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு பெறலாம். பதினெட்டு வயது நிறைந்த பிறகு சட்டப்படியான பாதுகாவலர் தேவைப்படுவோர், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். "எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?" என்று வருந்தும் வயதான பெற்றோருக்கு இந்தத் தகவல் மிக முக்கியமானது.

இனி நிகழ்ச்சி. பேரணி நடத்துவதானால் மேளமும் வெடியும் ஒலிபெருக்கியும் வேண்டாம்; யாருக்காக நடத்துகிறீர்களோ அவர்களில் பலருக்கு அந்த ஒலி தாங்க முடியாத வலியைத் தரும். குழந்தைகளை மேடையேற்றிக் காட்டாதீர்கள், அவர்களின் படத்தைப் பெற்றோர் ஒப்புதலின்றி வாட்சப் குழுக்களில் பகிராதீர்கள். வட்டாரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் தாயோ தந்தையோ, அல்லது ஆட்டிசம் உள்ள ஒருவரே பேச முன்வந்தால், அவருக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுத்து, அவர் விரும்பும் அளவுக்கு மட்டும் பேச வையுங்கள்.

ஏப்ரல் தொடக்கம் ஆண்டுத் தேர்வுகளை ஒட்டிய காலம் என்பதால், உங்களுக்கும் பெற்றோருக்கும் அந்தத் தேதி வசதிப்படாமல் போகலாம். அப்படியானால் அன்று அரைத் தாளை மட்டும் வீடுவீடாகக் கொடுத்துவிட்டு, புதிய மாணவர் சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்தில் கூட்டத்தை வையுங்கள்; சேர்க்கைக்கு வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும், பிள்ளை எப்போது பேசத் தொடங்கினான், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவும் அது ஏற்ற சமயம். டி.இ.ஐ.சி.க்கு அனுப்பிய குழந்தைகளின் பட்டியலை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, யாரெல்லாம் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை கிராம சுகாதார செவிலியருடன் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். போகாதவர்களிடம் ஏன் போகவில்லை என்று கேட்டால், பேருந்துக் கட்டணமா, வீட்டில் எதிர்ப்பா, மருத்துவமனையில் கிடைத்த அலட்சியமான பதிலா என்பது தெரியவரும். அடுத்த கிராம சபையில் நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கையை அந்தப் பதில்களிலிருந்து எழுதுங்கள்.