அடிக்கலாமா, கூடாதா? இயற்கணிதக் கோவை சுருக்கும் கேள்விகள்

(என் செல்பேசியில் தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது. எக்ஸ் வரும் இடத்தில் 'க' என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

(க + 6)/6 என்பதில் மேலேயும் கீழேயும் இருந்த 6-ஐ அடித்துவிட்டு 'க' என்று எழுதினேன். தப்பு என்கிறார்கள். ஏன் சார்? – பத்தாம் வகுப்பு மாணவி

க-வுக்கு 12 போட்டுப் பாரும்மா. (12 + 6)/6 = 3. உன் விடைப்படி 12 வந்திருக்க வேண்டும். எங்கே 3, எங்கே 12! மேலே இருக்கும் 6 கூட்டலில் நிற்கிறது. கீழே உள்ள 6 மேலே இருக்கும் இரண்டையுமே வகுக்கும். ஆகவே க/6 + 1. பெருக்கலில் நிற்பதை, அதாவது காரணியை மட்டும்தான் அடிக்கலாம். 6க/6 என்றிருந்தால் தாராளமாக அடி. விடைத்தாளில் நான் அதிகம் சிவப்பு வட்டம் போடுவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் (க² − 9)/(க² + 5க + 6)? க²-ஐ அடிக்கக் கூடாதா? – இன்னொரு மாணவர்

கூடாது. முதலில் காரணிப்படுத்துங்கள். மேலே (க + 3)(க − 3). கீழே, பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் ஜோடி 2, 3. ஆக (க + 2)(க + 3). பொதுவான (க + 3) போனால் மிச்சம் (க − 3)/(க + 2). ஒரு சங்கதி: க = −3 என்றால் பழைய கோவையில் தொகுதி, பகுதி இரண்டுமே பூஜ்ஜியம். சுருக்கியதில் போட்டால் சமர்த்தாக 6 வரும்! ஏமாறாதீர்கள். −2 மாதிரியே −3-உம் விலக்கப்பட்ட மதிப்புதான், அதாவது பகுதியைப் பூஜ்ஜியமாக்குவதால் க-வுக்குப் போடக் கூடாத எண்.

(க − 5)/(5 − க)?

−1. கீழே இருந்து ஒரு கழித்தல் குறியை வெளியே எடுங்கள், தெரியும்.

1/க + 1/2 = 2/(க + 2) என்று என் பையன் சாதிக்கிறான். எப்படிப் புரியவைப்பது? – ஓர் அம்மா

பழைய வாய்ப்பாட்டிலிருந்து சொல்லுங்கள். அரைக்கால் 1/8, மாகாணி 1/16. அரைக்கால் என்றால் இரண்டு மாகாணி. அதோடு ஒரு மாகாணியைச் சேர்த்தால் மூன்று மாகாணி, 3/16. பையன் முறைப்படி 2/24, அதாவது 1/12. அது அரைக்காலைவிடக் குறைவு! கூட்டினால் குறையுமா? பகுதியைச் சமமாக்கினால் (2 + க)/2க.

5/க − (க − 2)/க = (3 − க)/க சரிதானே?

இல்லை, (7 − க)/க. பின்னக்கோட்டுக்கு மேலே இருப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறி உண்டு. 5 − (க − 2) என்று எழுதிவிட்டு அப்புறம் பிரியுங்கள். கரும்பலகையில் நானே இதில் வழுக்கியிருக்கிறேன். முதல் பெஞ்சுப் பையன்தான் பிடித்தான்.