ஓ.ஆர். எடுப்பதா வேண்டாமா – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். அடுத்த ஆண்டு விருப்பப் பாடமாக, இருப்பதை வைத்துச் சிறந்த முடிவு எடுக்கக் கணக்குப் போடும் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் (ஓ.ஆர்.), புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கிராஃப் தியரி இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓ.ஆர். எடுத்தால் மார்க் அள்ளலாம், டேபிள் போடத் தெரிந்தால் போதும் என்கிறார்கள் சீனியர்கள். தோழிகளோ, பி.காம். பிள்ளைகளும் படிக்கிற பாடத்தில் என்ன கணிதம் இருக்கிறது என்று கேலி செய்கிறார்கள். எதை எடுக்கட்டும்? வேலைக்கு எது உதவும்? பைத்தான் புரோகிராமிங் கற்றுக்கொள்ள வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

என் மகளைவிடச் சின்னவள் நீ, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் மேல மாசி வீதியில் ஒரு பூக்கார அம்மா கடைசி முழத்தை அளந்து கொடுத்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதிருந்து மனதில் ஓடுவதைத்தான் உனக்கு எழுதப் போகிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள். பைத்தான் கற்றுக்கொள், ஒரு கோடை விடுமுறை போதும். எந்த ஒரு பாடமும் தனியாக நின்று வேலை வாங்கித் தராது. தோழிகளின் கேலியை விடு. ஆளுக்கொரு வேலை ஒதுக்கும் கணக்குக்கு 1955-ல் ஹெரால்ட் கூன் ஒரு வழி கண்டுபிடித்து அதற்கு ‘ஹங்கேரிய முறை’ என்று பெயர் வைத்தார். கோனிக், எகர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியர்களின் தேற்றங்கள்தான் அதற்கு அடிப்படை. அந்தக் கோனிக் கிராஃப் தியரிக்காரர். நீ எதிரெதிரே நிறுத்தியிருக்கும் இரண்டு பாடங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆனால் ‘டேபிள் போடத் தெரிந்தால் போதும்’ என்ற வரியைக் கொஞ்சமும் கூசாமல் எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறாயே, அதற்குத்தான் கோபம் வருகிறது. மார்க் அள்ளுவது ஒரு குற்றமில்லை. ஆனால் கேள்வித்தாளிலேயே விலையும் தேவையும் கட்டம் போட்டு வந்துவிடும், வடமேற்கு மூலையிலிருந்து, அதாவது இடது மேல் மூலையிலிருந்து, நிரப்பிக்கொண்டே போனால் பத்து மார்க் என்று மூன்று ஆண்டுப் படிப்பை முடித்தால், அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்க மாட்டாய். கட்டத்தை உண்டாக்குவதுதான் ஓ.ஆர். நிரப்புவதைக் கம்ப்யூட்டர் செய்துவிடும்.

ஓ.ஆர். டேபிள்களில் பெயர்பெற்ற சிம்ப்ளெக்ஸ் முறையை டான்ட்சிக் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் கண்டுபிடித்தது 1947-ல். இந்தத் துறை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகள் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. அவ்வளவு ஆழம் போய்விட்ட கப்பல் எந்தப் பக்கம் திரும்பியது என்று விமானிக்குத் தெரியுமா? தெரியாது. எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிவது, அது இன்னும் மேலே இருக்கும்போதுதான். வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் இதைக் கேட்டார். ஆழத்தைக் குறைத்தார்கள், பிற்பாடு 25 அடிக்கே கொண்டுவந்தார்கள். புதுக் குண்டும் இல்லை, புது விமானமும் இல்லை, ஆனால் அழிக்கப்பட்ட நீர்மூழ்கிகளின் எண்ணிக்கை கூடியது. எந்த டேபிளும் இல்லை அதில்.

சரி, பூக்கடைக்கு வருகிறேன். என் அம்மா பூ விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். விடிவதற்குள் மார்க்கெட்டில் மல்லி மொக்கு வாங்கி வந்து, வாழை நாரில் கட்டி, சாயங்காலம் முழம் போட்டு விற்பாள். ராத்திரி மிஞ்சினால் மறுநாள் காலையில் அது குப்பை. நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ‘நியூஸ்பேப்பர் பாய்’ கணக்கு நடத்தினார்கள். மறுநாளைக்கு விலைபோகாத ஒரு சரக்கை எத்தனை வாங்கி வைப்பது என்பது கேள்வி. கேட்டதும் அம்மாவின் கூடைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பூ விலை நாளுக்கு நாள் மாறும். ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள். அந்தக் காலத்தில் முழத்துக்கு அடக்கம் 60 பைசா, விற்பது 1 ரூபாய். விற்றால் 40 பைசா லாபம், மிஞ்சினால் 60 பைசா நஷ்டம். லாபத்தை, லாபமும் நஷ்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும்: நாற்பதை நூறால் வகுத்தால் 0.4. அதாவது பத்து நாளில் நாலு நாள் பூ மிஞ்ச வேண்டும், ஆறு நாள் தீர்ந்துபோக வேண்டும். அப்படி வாங்கினால்தான் லாபம் அதிகம். அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்ததில் ஒரு நாள் தேவை 40 முழத்திலிருந்து 90 முழம் வரை இருந்தது. எந்த அளவுக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால் விடை 60 முழம். அவள் கட்டியது 75.

“உனக்குக் கணக்குத் தெரியலம்மா, தெனமும் கொஞ்சம் நட்டம்” என்றேன். அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். “முடிஞ்சிருச்சுன்னு ஒருக்கா சொல்லிட்டா அந்தம்மா எதுத்த கடைக்குப் போயிரும்டா. அப்புறம் அது இங்கிட்டு வருமா?”

அன்று ராத்திரி திரும்ப உட்கார்ந்தேன். இந்த முறை கணக்கைப் பின்பக்கமாகப் போட்டேன். 75 முழம்தான் சரியான விடை என்றால் பத்தில் ஏழு நாள் பூ மிஞ்சும். அப்படியானால் ஒரு முழம் இல்லை என்று சொல்வதன் நஷ்டம் 40 பைசா இல்லை, 140 பைசா. வெறுங்கையோடு திரும்பிப் போகும் வாடிக்கையாளருக்கு முழத்துக்கு முழுசாக ஒரு ரூபாய் விலை வைத்திருந்தாள் அம்மா. அந்த ரூபாய் என் பாடப்புத்தகக் கணக்கில் இல்லை. அவள் கூடையில் இருந்தது. அவளிடம் கேட்காமல் விட்டிருந்தால் எத்தனை டேபிள் போட்டாலும் எனக்குக் கிடைத்திருக்காது.

இதையே இன்டர்னல் தேர்வில், இழக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரு விலை சேர்த்து எழுதினேன். கேள்வியில் கொடுக்காத எண்ணை எதற்கு எழுதினாய் என்று அடித்துவிட்டார்கள். அந்த மார்க் போனதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு, மார்க்குக்காக அல்ல. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒருவரும் கேள்வியில் கொடுக்காத எண்ணை எழுதவில்லை.

ஓ.ஆர். எடு. நிஜப் பிரச்சினையைக் கணக்காக எழுதும் ஃபார்முலேஷன் பகுதியை ‘அஞ்சு மார்க்தானே’ என்று தாண்டிப் போகாதே. ஒரே கணக்கை எதிர்ப்பக்கமிருந்து பார்க்கும் டூவாலிட்டி வரும்போது தேற்றத்தின் நிரூபணத்தை உன் கையால் எழுதிப் பார், அங்கே இருக்கிறது உன் தோழிகள் கேட்கும் கணிதம். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ விற்கும் ஓர் அம்மாவிடம் இன்றைக்கு எத்தனை முழம் கட்டினார், ஏன் அத்தனை என்று கேள். முதலில் பூ வாங்கிவிட்டுக் கேள். அவர் சொன்னதை எனக்கு எழுது.