எத்தனை பாலம் என்று கேளுங்கள்: வெனிஸில் குறைந்த வாடகை அறை, கேள்வி பதில்

வெனிஸில் ஒரு சிறிய இரு நட்சத்திர விடுதியின் வரவேற்பு மேசையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது குன்னூரில் இருக்கிறேன். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அங்கே போகத் திட்டமிடும் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். கையில் கிடைத்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்காளர்: அக்கா, நானும் மனைவியும் மூன்று இரவுகள் தங்கப் போகிறோம். மெஸ்த்ரேயில் அறை பாதி விலைக்குக் கிடைக்கிறது. ரயிலில் பத்து நிமிடம்தானாம். அங்கே தங்கலாமா?

பத்து நிமிடம் என்பது உண்மைதான். மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது. 1846இல் திறந்த ரயில் பாலமும் 1933இல் திறந்த சாலைப் பாலமும் அதை வெனிஸ் தீவுடன் இணைக்கின்றன. ரயில், பஸ், டிராம் எல்லாம் உண்டு. அறைகளும் புதியவை, லிப்ட் இருக்கும். ஒரே நாளில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு மெஸ்த்ரே போதும்.

நீங்கள் மூன்று இரவுகள் என்கிறீர்கள். மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்துக்கொண்டு தினமும் ஊட்டிக்கு ஏறி இறங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். ஏரிக்கரைக் கூட்டத்தைப் பார்ப்பார், சாக்லேட் வாங்குவார். பனி விலகாத காலை ஆறு மணியை அவர் பார்க்கவே மாட்டார். வெனிஸும் அப்படித்தான். பகல் பத்து முதல் ஐந்து வரை அது கூட்டத்தின் கையில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு முன் காய்கறி ஏற்றிய படகு கால்வாயில் வரும், குப்பை எடுப்பவர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார், பாட்டிமார் நாயுடன் நடப்பார்கள். அந்த ஊர் உங்களுக்கு வேண்டுமென்றால் தீவுக்குள்ளேயே தூங்க வேண்டும். மூன்று இரவில் ஓர் இரவாவது.

தீவில் அறை தேடும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் விடுதிக்கு எழுதிக் கேளுங்கள்: படகுத்துறையிலிருந்து எத்தனை பாலம்? பியாத்சாலே ரோமா என்ற பஸ் நிலையத்துக்கு அப்பால் காரோ ஆட்டோவோ சைக்கிளோ கிடையாது. ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் படிகள். வரைபடத்தில் ஐந்நூறு மீட்டர் என்று காட்டும் இடத்துக்கு நான்கு பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். சக்கரப் பெட்டியுடன் வந்த எத்தனையோ பேர் என் மேசைக்கு முன் நின்று மூச்சு வாங்கியிருக்கிறார்கள். பெட்டியின் எடையை ஒவ்வொரு பாலத்திலும் நீங்கள்தான் தூக்குவீர்கள். அடுத்ததாக, அறை எந்த மாடி, லிப்ட் உண்டா என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் லிப்ட் வைக்க இடமே இருப்பதில்லை.

ஊட்டி, கல்லூரி மாணவர்: எந்தப் பகுதியில் மலிவு? முகவரியைப் பார்த்தால் தெருப்பெயரே இல்லையே?

தம்பி, வெனிஸ் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. வீட்டு எண் தெருவாரியாகப் போவதில்லை, ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே தொடர் எண். அதனால் 'காஸ்தெல்லோ' என்ற பெயருக்குப் பக்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு தேடினால் பொழுது சாய்ந்துவிடும். தெருப்பெயரையும் படகுத்துறையின் பெயரையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஒரே தெருப்பெயர் பல பகுதிகளில் வரும், எனவே பகுதியின் பெயரையும் விடாதீர்கள். குறுகிய சந்துகளில் கைபேசி வரைபடம் தடுமாறும். அப்போது சுவர்களில் இருக்கும் மஞ்சள் பலகைகளைப் பாருங்கள்: ரியால்தோ, சான் மார்க்கோ, ரயில் நிலையம் என்று அம்புக்குறியுடன் வழி காட்டும்.

மலிவுக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவைத் தாண்டி கன்னரேஜோவின் உட்பகுதி, சாந்தா குரோச்சே, காஸ்தெல்லோவின் கிழக்கு முனை. கன்னியாஸ்திரீகள் நடத்தும் விருந்தினர் இல்லங்களும் உண்டு. சுத்தமாக இருக்கும், வாடகை நியாயம். இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு சிலவற்றில் இருக்கும், முன்பே கேளுங்கள். ஒரு நட்சத்திர விடுதியில் குளியலறை பொதுவாக இருக்கலாம். விளம்பரத்தில் அதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

வீட்டு அறை வாடகைக்கு எடுத்தால், விளம்பரத்தில் அரசின் அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் அது கட்டாயம். எண் இல்லாத அறையை எடுக்க வேண்டாம்.

குன்னூர், இல்லத்தரசி: அறையில் தேநீர் போட்டுக்கொள்ள வசதி இருக்குமா? குளிக்க பக்கெட் கிடைக்குமா?

மலிவான விடுதிகளில் கெட்டில் வைப்பது குறைவு. நம் ஊர் தேயிலையை எடுத்துப் போங்கள், வரவேற்பில் கேட்டால் சுடுநீர் தருவார்கள். நான் எத்தனையோ பேருக்குத் தந்திருக்கிறேன். பக்கெட், மக் இரண்டும் கிடையாது. ஷவர் மட்டும்தான், அதுவும் ஒருவர் நிற்கும் அளவு. கழிப்பறைக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு தொட்டி இருக்கும். கழுவிக்கொள்வதற்கானது அது, கால் கழுவும் தொட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டு உருண்டைப் பின் உள்ள பிளக்தான் அங்கே பொருந்தும், அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடலூர், வியாபாரி: விசாவுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும்?

விசா என் துறை இல்லை, ஐயா. தூதரகம் அங்கீகரித்த விண்ணப்ப மையத்தில் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள்.

அரவேணு, ஆசிரியை: மெஸ்த்ரேயில் தங்குவது நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள். எத்தனை இரவு என்பதைப் பொறுத்தது.

மஞ்சூர், வங்கி ஊழியர்: நவம்பரில் விலை பாதியாகிறது. வெள்ளம் வருமாமே, போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் என்ன வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள். வெள்ளம் என்றால் நமக்கு 2009 நவம்பர் மண்சரிவுதான் நினைவுக்கு வரும். அங்கே வருவது கடலின் ஓதம். நிலவால் ஏறும் நீருடன் ஷிரோக்கோ என்ற தென்கிழக்குக் காற்றும் குறைந்த காற்றழுத்தமும் சேரும்போது ஆட்ரியாட்டிக் கடலின் நீர் ஊரைச் சூழ்ந்த காயலுக்குள் தள்ளப்படுகிறது. வடிகால் துளைகள் வழியாகத் தெருவுக்கு நீர் ஏறும், சில மணி நேரத்தில் ஓதத்துடன் இறங்கிவிடும்.

முன்னறிவிப்பில் சொல்லும் உயரத்தைக் கண்டு பயப்படாதீர்கள். 110 சென்டிமீட்டர் என்றால் தெருவில் இடுப்பளவு நீர் என்று பொருளில்லை. அது 1897ஆம் ஆண்டின் கடல் மட்டத்திலிருந்து அளப்பது. அந்த அளவில் நகரின் ஒரு சிறு பகுதிதான் நனையும். 1966 நவம்பர் 4இல் 194 சென்டிமீட்டர் வந்தது, அதுதான் இன்றுவரை உச்சம். அடுத்தது 2019 நவம்பர் 12 இரவு, 187 சென்டிமீட்டர். அன்று நான் பணியில் இருந்தேன். சங்கு ஊதியபின் கீழ்த்தள அறைகளில் இருந்தவர்களை எழுப்பி, மெத்தைகளை மேலே தூக்கினோம். ஒரு முதியவர் தன் பாஸ்போர்ட்டை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். விடிந்தபோது நீர் இறங்கியிருந்தது, சுவரில் உப்புக் கோடு இருந்தது. அந்த வாடை மாதக்கணக்கில் போகவில்லை. அதனால்தான் கீழ்த்தள அறை வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வெள்ளம் வராத கோடையிலும் அங்கே ஈரவாடை இருக்கும்.

2020 அக்டோபர் 3 முதல் மோசே என்ற தடுப்பு இயங்குகிறது. காயலின் மூன்று வாய்களில் 78 இரும்புக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. 110ஐத் தாண்டும் என்று கணித்தால் காற்றைச் செலுத்தி அவற்றை நிமிர்த்துகிறார்கள். சான் மார்க்கோ சதுக்கம் தாழ்வான இடம், அதற்குக் குறைந்த அளவிலேயே அங்கே நீர் தேங்கிவிடும். தேயிலைத் தோட்டத்தில் போடும் கம்பூட்ஸ் இருந்தால் எடுத்துப் போங்கள்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. தலைக்குந்தா உறைபனியைப் பார்த்தவர்கள் நாம், வெனிஸ் குளிர் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். நம் குளிர் வெயில் வந்ததும் விலகும். அந்த ஈரக்குளிர் பகல் முழுதும் எலும்பில் உட்கார்ந்திருக்கும். வீடுகளில் மைய வெப்பமூட்டல் பொதுவாக அக்டோபர் 15 முதல்தான் தொடங்கும், விடுதியில் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊட்டி, டாக்சி ஓட்டுநர்: அந்த ஊருக்குள் நுழையவே காசு வாங்குகிறார்களாம். இங்கே வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு எங்கள் பிழைப்பு போய்விட்டது. நாளை ஊட்டிக்கும் டிக்கெட் போடுவார்கள். ஊர் என்ன பொருட்காட்சியா, அக்கா?

குன்னூர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை: போடட்டும் என்கிறேன். சீசனில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மருத்துவமனை போக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று இந்தத் தம்பிக்குத் தெரியாதா? நாங்கள் குடிநீருக்குக் காத்திருக்கிறோம். வருகிறவர்கள் குப்பையை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கொடைக்கானல், விடுதி நடத்துபவர்: தங்குகிறவர்களையும் அரை நாள் பார்த்துவிட்டுப் போகிறவர்களையும் ஒரே கணக்கில் வைப்பதுதான் தவறு. எங்கள் விருந்தினர் மூன்று நாள் இருக்கிறார், கடையில் வாங்குகிறார்.

மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வெனிஸ் கட்டணம் 2024 ஏப்ரல் 25இல் தொடங்கியது. நம் இ-பாஸ் அதே ஆண்டு மே 7இல் வந்தது. இரண்டும் பன்னிரண்டு நாள் இடைவெளியில் வந்தாலும் வேறு வேறு. நம்முடையது இலவசப் பதிவு. 2025 சீசனில் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. வெனிஸில் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. குறிப்பிட்ட நாட்களில், காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை வருபவரிடம் 5 யூரோ வாங்குகிறார்கள். 2025 முதல், கடைசி நேரத்தில் பதிவு செய்பவருக்கு 10 யூரோ. காசு கொடுத்தால் எத்தனை பேரும் நுழையலாம். கொடைக்கானல்காரர் சொன்ன வேறுபாட்டை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்: தீவிலோ மெஸ்த்ரேயிலோ இரவு தங்குபவருக்குக் கட்டணம் இல்லை. அவர் விடுதியில் தனியாகத் தங்கல் வரி கட்டுகிறார், முதல் ஐந்து இரவுகளுக்கு, ஆளுக்குச் சில யூரோ. ஆனாலும் விலக்குக்கு இணையத்தில் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

ஓட்டுநர் தம்பியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊரை அழிப்பது வாசலில் வாங்கும் காசு இல்லை என்று அங்கே இருந்து பார்த்தேன். ரியால்தோ அருகே ஒரு மருந்துக்கடைச் சன்னலில் 2008 முதல் ஒரு எண் பலகை இருக்கிறது. வரலாற்று நகரில் இன்று எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று காட்டும். 1951இல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள். 2022இல் ஐம்பதாயிரத்துக்குக் கீழே போய்விட்டது. வேலைக்குப் போகும் வழியில் அந்த எண் குறைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் விடுதிக்கு எதிர்வீட்டில் தையல்காரர் குடும்பம் இருந்தது, பிறகு அது நான்கு சுற்றுலா அறைகளாயிற்று. ரொட்டிக்கடை முகமூடிக் கடையாயிற்று. துணி துவைத்துப் போட, செருப்பு தைக்க மெஸ்த்ரேக்குப் போக வேண்டிய நிலை.

தலைமை ஆசிரியை அம்மா, குன்னூரில் வாடகைக்கு வீடு தேடும் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள். வீடுகள் காட்டேஜ் ஆவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, வண்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். என்னைக் கேட்டால், முதலில் வரம்பு வேண்டியது வீட்டை அறையாக்குவதற்கு. அதனால்தான் விடுதியாகவே கட்டிய, உரிமம் உள்ள சிறிய இடத்தில் தங்குங்கள் என்கிறேன்.

ஊட்டி, அதே ஓட்டுநர்: அக்கா, காட்டேஜ்காரர்கள் என்னைப் போன்றவர்களுக்கும் சவாரி தருகிறார்களே?

தருகிறார்கள், உண்மை. அந்தச் சவாரிக் காசோடு, உங்கள் வீட்டு வாடகை எவ்வளவு உயர்ந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. இதைத் தனியாகப் பேசுவோம், காத்திருக்கும் கேள்விகள் நிறைய.

கோத்தகிரி, புதுமணத் தம்பதி: கொண்டோலா படகு எவ்வளவு?

நகராட்சி நிர்ணயித்தது பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 110. ஆளுக்கு இல்லை, படகுக்கு, ஐந்து பேர் ஏறலாம். ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயைக் கடக்க மட்டும் 2 யூரோவில் அதே மாதிரிப் படகு உண்டு, இரண்டே நிமிடம்.

குன்னூர்: மெஸ்த்ரேயில் பார்த்த அறை 40 யூரோ...

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

கோத்தகிரி: ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?

வேண்டாம். பழைய மரத்தளமும் பழைய மின்கம்பியும் உள்ள கட்டடம். பார்களில் நின்றபடியே சாப்பிட முக்கோண ரொட்டி கிடைக்கும், முட்டை, கீரை, காளான் வைத்தவை உண்டு. மேசையில் உட்கார்ந்தால் விலை கூடும். பட்டாணிச் சோறு கேட்டால் இறைச்சிச் சாறு சேர்த்ததா என்று விசாரியுங்கள்.

கொடைக்கானல், மகன்: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அழைத்துப் போக ஆசை. முடியுமா?

முடியும், நிச்சயம் அழைத்துப் போங்கள். வபொரெத்தோ என்ற பொதுப் படகில் ஏறுவது எளிது, மிதக்கும் துறையிலிருந்து ஓர் அடி வைத்தால் படகுக்குள் வந்துவிடலாம். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. அடிக்கடி ஏறுவீர்கள், ஆகவே மூன்று நாள் டிக்கெட் வாங்குங்கள். விமான நிலையத்திலிருந்து வரும் தனிப் படகுக்கு அது செல்லாது. ஒன்றாம் எண் படகில் முன்னிருக்கையில் அம்மாவை உட்கார வைத்துப் பெருங்கால்வாய் முழுவதும் ஒரு முறை போங்கள், மாளிகைகள் எல்லாம் இரு பக்கமும் வந்துபோகும், ஒரு படி ஏற வேண்டாம். அறையை முதல் மாடியில், லிப்டுடன், படகுத்துறைக்குப் பக்கத்தில் எடுங்கள். துறைக்கும் அறைக்கும் இடையே ஒரு பாலமும் இல்லை என்று விடுதிக்காரர் எழுத்தில் தந்த பிறகு பணம் கட்டுங்கள்.