ஹான்ஃபோர்டில் கெடு தவறினால் யார் தீர்த்து வைப்பது?

அணுக்கழிவை அகற்றும் கெடு தள்ளிப்போனால் அரசு அமைப்புகளுக்குள் எழும் தகராறு எப்படித் தீரும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டைப் பார்க்கலாம்; அணு ஆயுதத்துக்குப் புளூட்டோனியம் தயாரித்த, வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பழைய வளாகம் அது. எரிசக்தித் துறை, மத்திய சுற்றுச்சூழல் முகமை, வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறை மூன்றும் 1989-இல் போட்ட ஒப்பந்தத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. முதலில் திட்ட மேலாளர்கள் பேசுவார்கள்; முடியாவிட்டால் எழுத்து மூலம் மேலதிகாரிகளுக்குப் போகும். அப்புறமும் தீராவிட்டால் விவகாரம் நீதிமன்றம் வரை போகலாம். 2008-இல் கெடு தவறியதற்காக எரிசக்தித் துறை மீது மாநிலம் வழக்குப் போட்டது. 2010-இல் நீதிமன்ற ஆணையாகப் புதுக் கெடுக்கள் வந்தன, 2016-இல் அவையும் மாறின. பிறகு நடுவரை வைத்துப் பல ஆண்டுகள் பேசி, 2024-இல் உடன்பாட்டை அறிவித்தார்கள். கழிவு கிடப்பதோ 177 நிலத்தடித் தொட்டிகளில், சில ஏற்கெனவே கசிந்தவை. பக்கத்திலேயே கொலம்பியா ஆறு ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு தாமதமும் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.