டெர்மினலில் ஷெல் ஸ்கிரிப்டின் வெளியீடு ஓடிக்கொண்டிருந்தாலும், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் புரோகிரஸ் பார் கடைசி வரியிலேயே நிற்க என்ன செய்வது?

கேரியேஜ் ரிட்டர்ன் (கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும் குறி) போட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவது, வேறு எதுவும் அச்சாகாத வரைதான் எடுபடும். நடுவில் ஒரு கோப்புப் பெயர் விழுந்தாலே பார் சிதறி மேலே ஏறிவிடும்.

ஷெல் ஸ்கிரிப்டில் இதற்குக் கைகொடுப்பது ஸ்க்ரோல் பகுதி, அதாவது திரையில் எந்த வரிகள் மட்டும் உருளலாம் என்ற வரம்பு. 1978-இல் வந்த விடி100 டெர்மினலிலேயே இருந்த வசதி இது. உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் எதையாவது நிறுவும்போது அடியில் அசையாமல் ஒரு பட்டை நிற்கிறதே, அதுவும் இதே வித்தைதான்.

திரையில் 24 வரி என்றால், 1 முதல் 23 வரை மட்டும் உருளட்டும் என்று டெர்மினலுக்கு இந்த எழுத்துகளை அச்சிட்டுச் சொல்லிவிட வேண்டும்: எஸ்கேப் குறி, திறக்கும் சதுர அடைப்பு, 1, அரைப்புள்ளி, 23, கடைசியில் சின்ன ஆர். 24-ஆம் வரி பாருக்கு. இதையே 'டிபுட் சிஎஸ்ஆர்' (tput csr) என்ற ஷெல் கட்டளையாகவும் எழுதலாம். அது 0-விலிருந்து எண்ணும், ஆகவே 0, 22.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பகுதியை மாற்றியதும் கர்சர் இடது மேல் மூலைக்குத் தாவிவிடும். எனவே முதலில் ஒரு புதுவரி, பிறகு எஸ்கேப் 7 போட்டு இடத்தைச் சேமித்து, பகுதியை அமைத்து, எஸ்கேப் 8-ஆல் திரும்பி, ஒரு வரி மேலே ஏறுங்கள். பாரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதே 7, 8 ஜோடி வேண்டும்.

கண்ட்ரோல் சி அடித்து வெளியேறினால் பகுதி அப்படியே சுருங்கிக் கிடக்கும். நானும் அடிவரி செத்துப்போன டெர்மினலை வெறித்துப் பார்த்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் நிற்கும்போது ஒரு கட்டளையை ஓட்டும் 'டிராப்' (trap) வைத்து, வெளியேறும்போது எண் இல்லாத அதே ஆர் கட்டளையை அனுப்பிவிடுங்கள். வெளியீடு கோப்புக்குப் போகிறதென்றால் பாரே வேண்டாம்.