"பட்டம் வாங்கும்வரை பொறுத்துக்கொள்" என்று சொல்லலாமா?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள். அவளுடைய புராஜெக்ட் மேற்பார்வையாளர் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில், 'இன்றைக்கு அந்த நீல உடை எடுப்பாக இருந்தது' என்று அனுப்புகிறார். அறைக்குப் போனால் தோளில் கை வைக்கிறாராம். "பட்டம் வாங்கும்வரை பல்லைக் கடித்துக்கொள். வெளியே தெரிந்தால் நம் பெயர்தான் கெடும்" என்கிறார் கணவர். நான் என்ன செய்வது?
*- ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்*

பதில்: அம்மா, மகள் இதை உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம். "நீ ஏன் பதில் போட்டாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மதிப்பெண் போடுகிறவருக்குப் பதில் போடாமல் எப்படி இருப்பாள்?

உங்கள் கணவர் சொல்லும் பொறுமையை நம்பித்தான் அந்த ஆசிரியரும் துணிகிறார். பட்டம் வாங்கினாலும் விடாது. பரிந்துரைக் கடிதத்துக்கு மறுபடி அவரிடமே போய் நிற்க வேண்டும். பெயர் கெடும் என்ற பயத்துக்கு ஒரு பதில் உண்டு. பாலியல் குற்றம் என்று போலிசில் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. (அக்கம்பக்கத்து வாயை எந்தச் சட்டமும் அடைக்காது, அது வேறு.)

2019இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவி ஒருவர், விடுதியில் தான் குளிப்பதைப் படம்பிடித்தவனுக்கு ஒரு பருவ இடைநீக்கம்தானா என்று பகிரங்கமாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அங்கே தண்டனைகள் கடுமையாயின. பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவும் வந்தது.

அருவருப்பில் மகள் அந்தச் செய்திகளை அழித்துவிடக்கூடும். அதற்கு முன் தேதியும் எண்ணும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு அல்ல, சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கட்டும். கை வைத்தது எந்த நாள், எந்த அறை, வெளியே யார் இருந்தார்கள் என்பதையும் எழுதி வைக்கட்டும்.

அப்புறம், மேற்பார்வையாளரை மாற்றும்படியும், மதிப்பெண்ணை வேறொருவர் போடும்படியும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்கலாம். இத்தகைய செய்திகளுக்குத் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தொட்டது மானபங்கமாகுமா என்பதைப் போலிஸ் பார்த்துக்கொள்ளும். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால், பெண்கள் உரிமைக்கான 'அவேர்' அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. அது தவிர, வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000 24 மணி நேரமும் இயங்குகிறது.

புகார் கொடுப்பதா, யாரிடம் என்பதை மகளே முடிவு செய்யட்டும். நீங்கள் கோபத்தில் அந்த அலுவலகத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். கணவரிடம், மகள் சம்மதித்தால், அந்தச் செய்திகளை ஒன்றுவிடாமல் படிக்கக் கொடுங்கள். இதுவரை அவர் கேள்விப்பட்டதோடு சரி, படித்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.